குறைகிற எடை

“நாற்பத்திரண்டு!”

எடை மெஷினைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள் மையத்தக்கா. தாய்சேய் நல மையத்தில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மெஷினின் முள் அசைந்து கொடுக்கவில்லை.

“இறங்கி ஏறும்மா.”

தையல்காரி இறங்கி ஏறினாள். அதே நாற்பத்திரண்டு. போன மாதம் நாற்பத்து மூன்றரை. அதற்கு முந்தின மாதம் நாற்பத்தைந்து. நாலு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற உடம்பு இப்படியா தேயும்?

“மாசம் மூணு பாக்கெட் சத்துமாவு வாங்கிட்டுப் போறியே, அதெல்லாம் எங்கே போகுது?”

“நான்தான்க்கா சாப்பிடறேன். மூணு வேளையும் காய்ச்சிக் குடிக்கிறேன்.”

“குடிச்சா உடம்புல ஒட்ட வேண்டாமா? வீட்டுக்காரர் பங்கு கேட்கிறாரா? இல்ல மாமியாரா?”

“மாமியார் ஊர்ல இருக்காங்க. அவரு அதை மோந்துகூடப் பார்க்க மாட்டாரு.”

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மையத்தக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மையத்தில் நாற்பது பேருக்குத்தான் மாவு. இன்னும் ஏழு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வாங்கின மாவை யாராவது வெளியே விற்றால் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்தவளைச் சேர்க்க வேண்டும். மேலதிகாரி இதில் படு கறார்.

“நல்லாக் கேட்டுக்கோ. ஆறு மாசம் முடியறவரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணிகூடக் கூடாது. அதுக்குப் பெத்தவ வயிறு நிறையணும். எத்தனை தடவை தலையில அடிச்சுக்கறது?”

“உங்க பாப்பாவுக்கும் அப்படித்தானாக்கா?” என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு வாயாடி கேட்டாள்.

மையத்தக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதமே லீவு முடிந்துவிட்டது. திரும்பி வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயார். இரவு ஷிப்டு முடித்து வரும் கணவர்தான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். பகல் முழுக்கப் பாட்டில் பால். குழந்தை கொழுகொழுவென்று இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். இருந்தாலும், பிறருக்குச் சொல்வதைத் தன் வீட்டில் செய்ய முடியவில்லையே என்று மனசு அரித்துக்கொண்டேதான் இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்துத் தையல்காரியின் தலையில் கொட்டினாள்.

“அடுத்த தடவையும் எடை குறைஞ்சுதுன்னா உன் பேரை எடுத்துடுவேன். அப்புறம் வந்து கண்ணைக் கசக்கிட்டு நிக்காதே.”

தையல்காரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் துப்பு கிடைத்தது. சத்து மாத்திரை வாங்க வந்த, தையல்காரியின் எதிர்வீட்டுக்காரி காதோடு காதாகச் சொன்னாள்.

“அவ வீட்டுக்காரர் வேலைக்குப் போனப்புறம், தினமும் பதினோரு மணிக்கு ஒரு ஆள் கூடையோட வர்றான்க்கா. கூடை மேல துண்டு. அரை மணி நேரம் உள்ளே இருந்துட்டு, அதே கூடையைப் பூப்போலத் தூக்கிட்டுப் போறான்.”

“மூஞ்சியைப் பார்த்தியா?”

“எங்கே! குடையைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டில்ல வர்றான்.”

மையத்தக்காவுக்குச் சகலமும் விளங்கிவிட்டது. மாவுக்கு வீடு தேடி வந்து போகிற வாடிக்கைக்காரன்!

மறுநாள் பதினொன்றேகாலுக்குப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். மையத்தின் படி இறங்குமுன்பே தையல்காரியின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தாயிற்று. கையும் களவுமாகப் பிடிக்கிற நேரத்தில் பேனாவைத் தேடிக்கொண்டு நிற்க முடியுமா?

தையல்காரி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தாள். பின்பக்கம் குழாயடியில் ஓர் ஆண்பிள்ளை இருமியபடி எதையோ கழுவிக்கொண்டிருந்தான். தையல்காரி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டிக்கிட்டியா! பச்சைப் பிள்ளைக்காரி செய்யற வேலையா இது? ஏழு பேர் மாவுக்கு ஏங்கிக்கிட்டு நிக்கிறாங்க. நீ என்னடான்னா வித்துக் காசு பார்க்கிறே! எங்கே அந்த ஆளு? முன்னாடி வரச் சொல்லு!”

அவள் போட்ட சத்தத்தில் மூலையில் தொங்கிய தொட்டில் அசைந்தது. தையல்காரியின் மகன் அதற்குள்ளிருந்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, மறுபடியும் தூங்கிப்போனான்.

மையத்தக்கா தொட்டிலைப் பார்த்தாள். தையல்காரியின் மடியைப் பார்த்தாள்.

தையல்காரி மெல்லத் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

“பாட்டிலைக் கண்டாலே வீறிட்டு அழறா, அண்ணனும் எத்தனை நேரம்தான் தோள்ல போட்டுக்கிட்டுத் தெருத்தெருவா நடப்பாரு? உங்களுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுடுவீங்கன்னுதான் சொல்லலை. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா, இப்பதான் உங்க பொண்ணு கண்ணை மூடறா.”