உடையாத நுனி

"சண்டைக் கத்தின்னா பழைய அரத்தைக் காய்ச்சி அடிக்கணும்மா. கூர் லேசுல மழுங்காது," என்றார் பட்டறைக்காரர்.

"மெல்லிசா அடிச்சா நுனி உடையுமே," என்றாள் வந்தவள்.

"அப்போ லாரி ஸ்பிரிங் பட்டை. வளையும், உடையாது. கூர்தான் கொஞ்சம் கம்மி."

"கம்மின்னா ரொம்ப நல்லது. அதுலயே செய்ங்க."

கூர் வேண்டாத சண்டைக் கத்தியா? அவருக்கு மண்டை காய்ந்தது. "எத்தனை வேணும்?"

"எனக்கு எதுக்கு? இனிமே யாருக்குச் செஞ்சாலும் அதுல செய்ங்க."

கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே நாலு கத்தி நுனிகள்.

"நான் ஆபரேஷன் பண்ற டாக்டர். போலீஸ் பிடிச்ச நாலு உடைஞ்ச கத்தியிலயும் உங்க முத்திரை. குத்துப்பட்டு வந்த மூணு பேரு உடம்புக்குள்ள இருந்து நுனியைத் தேடி எடுத்துட்டேன். நாலாவது ஆளுக்கு நுனி கிடைக்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."