படிவத்தில் கட்டம் இல்லை

ஆற்றின் தரைப்பாலத்தை நுரை மூடியிருக்கிறது. பாகலூர்ப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் அது பிய்ந்து, பஞ்சுப் பொதியாக உருண்டு, வேலிமுள்ளில் சிக்கி நடுங்குகிறது. காலை வெயில் பட்ட இடமெல்லாம் கண் கூசும் வெள்ளை. நாற்றம் மட்டும் சோப்பும் சாக்கடையும் கலந்தது. தண்ணீரைப் பரிசோதிக்க வந்திருக்கும் மாதேஸ்வரி, ஆற்றில் மொண்ட சின்னக் குப்பிக்குள் மருந்தைச் சொட்டுகிறாள். பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். நீலம் ஏறுகிறது, கையிலிருக்கும் வண்ண அட்டையின் கடைசி நீலத்தையும் தாண்டிக் கறுக்கிறது. கரையோரத் தக்காளித் தோட்டக்காரர் ஆஞ்சப்பன் அவள் முகத்தையே பார்த்து நிற்கிறார். மூன்று நாளாக அவர் தண்ணீர் பாய்ச்சவில்லை. பூ வைத்த செடிகள் அவருக்குப் பின்னால் தலை தொங்கி நிற்கின்றன.

“வுடலாமா பாப்பா?”

அவள் படிவத்தைப் புரட்டுகிறாள். பாசனத் தண்ணீரில் உப்பை எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அமிலத்தன்மைக்கு ஒன்று இருக்கிறது, இரண்டும் வரம்புக்குள்தான். பாஸ்பேட்டுக்குக் கட்டமே இல்லை.

“படிவப்படி வுடலாம்ண்ணா.”

“உன் நெலமா இருந்தா?”

அவள் நீலக் குப்பியை மூடுகிறாள்.

“வுட மாட்டேன்.”

“எனக்கும் மனசில்ல. வேற தண்ணி எங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டு அவர் வரப்பில் நடக்கிறார். மாதேஸ்வரி படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, ‘பாஸ்பேட் மிக அதிகம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போடுகிறாள். இரண்டாவது கோடு முடிவதற்குள் மோட்டார் ஓடத் தொடங்குகிறது.