வெளியே வந்த குட்டு

"டிக்‌ஷனரி மேடம், முதலாளியம்மா குரூப்ல மெசேஜ் போட்டிருக்காங்க. அர்த்தத்தைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க."

அட்டைப்படம் போடும் ஓவியர் கைபேசியை நீட்டினார். அந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு டிக்‌ஷனரி என்று பட்டப்பெயர். அது வந்ததே முதலாளியம்மாவால்தான்.

போன வருடக் கடைசியில் ஒரு வாடிக்கையாளருக்காக, தேதிக்கு ஓர் ஆங்கில மரபுத்தொடர் போட்ட நாள்காட்டி அச்சடித்தார்கள். மிஞ்சியதில் ஒன்றை முதலாளியம்மா தன் அறையில் மாட்டிக்கொண்டார். அன்றன்றைக்குக் கிழிக்கும் தாளில் என்ன இருக்கிறதோ, அதை அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் அவருக்கு. ஒரு நாள் 'அண்டர் தி வெதர்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை வரப்போகிறதாக்கும் என்று பைண்டர், வெளியே காய்ந்த அட்டைகளை எல்லாம் உள்ளே அள்ளிப் போட்டார். முதலாளியம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. இன்னொரு நாள் ஒரு வேலையைக் கொடுத்து 'பீஸ் ஆஃப் கேக்' என்றார். ரொம்பச் சுலபம் என்கிறார் என்று புரியாமல், மாலை வரை எல்லாரும் கேக்குக்காகக் காத்திருந்தார்கள். நாம் எல்லாரும் 'ஆன் தி சேம் பேஜ்' இருக்க வேண்டும் என்றபோது, மெஷின்மேன் ஓடுகிற மெஷினையே நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று கேட்டான். ஒரே கருத்தோடு இருக்கச் சொல்கிறார் என்று அவனுக்கு விளக்கிச் சொன்னவள் டிக்‌ஷனரி.

அதிலிருந்து மெஷின்மேன் அர்த்தம் கேட்டு அடிக்கடி அவள் மேசைக்கு வர ஆரம்பித்தான். ஒரு நாள் 'டை தி நாட்' என்றால் என்ன என்றான். கல்யாணம் செய்துகொள்வது என்று அவள் சொன்னாள். கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே, "அதை நாம செஞ்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டான்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது. புருஷனும் பெண்டாட்டியும் அங்கே சேர்ந்து வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு விதி. எப்போதோ ஒரு தம்பதி சண்டை போட்டு, இரண்டு நாள் மெஷின் ஓடாமல் கிடந்ததில் வந்த விதி அது. வேலையை விட இருவருக்குமே மனசில்லை. அதனால் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வேறு வேறு பஸ்ஸில் வந்தார்கள். ஒரே சாப்பாட்டை இரண்டு டப்பாவில் கட்டி, ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் உட்கார்ந்தார்.

இப்போது அவள் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். 'தி கேட் இஸ் அவுட் ஆஃப் தி பேக்' என்று இருந்தது. அதன் கீழே, எல்லாக் கதவையும் சாத்துங்கள், யாரும் வெளியே போக வேண்டாம், இதோ வருகிறேன் என்று எழுதியிருந்தது.

அவள் மெஷின் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"குட்டு வெளியே வந்துடுச்சுன்னு அர்த்தம்," என்றாள்.

யாருடைய குட்டு என்று ஓவியர் கேட்டார். கேட்டவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. பல்வலி என்று போன வாரம் லீவு போட்டவர் எங்கே போனார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அவள் கதவுகளைச் சாத்திவிட்டு மெஷின் பக்கம் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவன் மெஷினை நிறுத்தினான்.

"பழியை என் மேல போட்டுடு. முதல்ல கேட்டது நான்தானே," என்றான்.

"ஒத்துக்கிட்டது நான்தானே," என்றாள் அவள்.

முதலாளியம்மா மூச்சு வாங்க உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டார். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கண் மட்டும் மூலை மூலையாகப் போய் வந்தது. கத்தித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சத்தமில்லாமல் அடிமேல் அடி வைத்து நடந்ததுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

"உங்கள்ல யாராவது பார்த்தீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

டிக்‌ஷனரி மெஷின்மேனோடு முன்னால் வந்து நின்றாள். "மத்தவங்களைக் கேட்க வேண்டாம்மா. நானே சொல்லிடறேன். எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி நாலு மாசமாச்சு."

முதலாளியம்மா பக்கத்திலிருந்த காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அவளையும் மெஷின்மேனையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த நாலு மாதத்தில் சண்டையே போட்டதில்லையா என்று விசாரித்தார்.

"போடுவோம்மா. வீட்டு வாசல்லயே விட்டுட்டு வந்துடுவோம்," என்றான் மெஷின்மேன்.

இந்த நாலு மாதத்தில் மெஷின் ஒரு மணி நேரம்கூடச் சும்மா நின்றதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"அப்போ வீட்டுக்கு அனுப்ப வேண்டியது உங்களை இல்ல, அந்த விதியைத்தான்," என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பைண்டர் முதலில் கைதட்டினார். மெஷின்மேன் மை படிந்த கையோடே கும்பிட்டான்.

முதலாளியம்மா எழுந்தார். இத்தனை நாள் மூடி வைத்ததை இன்றைக்கு எதற்காகப் போட்டு உடைத்தார்கள் என்று கேட்டார்.

"குட்டு வெளியே வந்துடுச்சுன்னு நீங்கதானேம்மா மெசேஜ் போட்டீங்க?" என்றாள் டிக்‌ஷனரி.

முதலாளியம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு முழங்காலிட்டு மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தபடியே சொன்னார்: "ஊசி போட டாக்டர்கிட்ட கொண்டுபோகலாம்னு பையில வெச்சிருந்தேன், ஜிப்பைத் திறந்துக்கிட்டு இங்கேயே எங்கேயோ ஓடிடுச்சு, பாதி வழியிலதான் பார்த்தேன். வெளியே வந்தது குட்டு இல்லம்மா, என் பூனைக்குட்டி."