கல் நட்ட இடம்

"இடுப்பு உட்டுப் போச்சுங்க சாமி. கல்லு எங்க நடணும்னு சொல்லிட்டா, அங்கயே கொண்டாந்து எறக்கிடுவேன்" என்றாள் கெங்கம்மாள்.

விடிந்ததிலிருந்து மேடை கட்ட ஓடையில் கல் பொறுக்கிக் கூடை கூடையாய்ச் சுமந்ததில் அவள் கழுத்து நரம்பு கட்டைபோல் இறுகியிருந்தது. கூழ்கூடக் குடிக்கவில்லை.

ஆலங்காயம் செல்வநாதன் கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்தார். சிப்பாய் நலச் சங்கத்தின் தலைவர் அவர். வெள்ளைக்காரன் சண்டைக்கு ஒருவனும் போகக்கூடாது என்று திருப்பத்தூர் சந்தையில் தொண்டை கிழியப் பேசியவர்தான். பட்டாளத்துக்குக் கரி சுட்டு அனுப்பும் காண்டிராக்ட் மச்சானுக்குக் கிடைத்து மலையில் கேம்ப் போட்டதும், சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆம்பளை வேண்டும் என்று நெல்லிவாசல்நாடு முழுக்க ஆள் பிடித்தார். கெங்கம்மாளின் புருஷன் மாதையன் அப்படிப் போனவன். பர்மா சண்டையில் வீரமரணம் என்று மறு வருஷம் சொல்லி அனுப்பினார்கள். எலும்பு, சாம்பல் எதுவும் வரவில்லை.

இப்போது சண்டை முடிந்து ஓட்டு கேட்கும் காலம். மாதையன் பேரில் ஒரு நினைவுக் கல் நடப் போவதாக மலைக்குக் கீழே ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்.

"நாட்டுக்காக உசுரக் குடுத்தவன்மா உன் புருஷன். அவன மறந்தா நாம மனுசங்களே இல்ல" என்றார்.

வீட்டுப் பக்கம் நடலாமா என்று கெங்கம்மாள் கேட்டாள். அது சந்து, வேண்டாம் என்றார். கோயில் மேட்டைச் சொன்னாள். ஏறி வர யாராலும் முடியாது என்றார். பழைய கரிக் கேம்ப் இருந்த இந்தச் சமதரையிலேயே நடலாம், அதுதான் பொருத்தம் என்றார். இந்தப் பக்கமே இன்றைக்குத்தான் முதன்முதலாக வருவதாகவும் சொன்னார்.

"அப்போ எங்கனா ஒரு மூலையில நடுங்க. மீதிய எல்லாம் வர்ற மாசம் சாமைக்கு ஏர் ஓட்டிடுவோம். கரி மண்ணு, நல்லா ஆழமா ஓட்டணும்."

தடி நின்றது.

"மொத்தத்தையுமா?"

"கல்லு நிக்கிற எடம் போவ மீதிய."

 செல்வநாதன் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து, ஒரு பாறைக்குக் கிழக்கே போய் நின்று, தடியால் ஒரு சதுரம் கீறினார். கல் இங்கேதான், சுற்றிலும் மேடை அகலமாகக் கட்ட வேண்டும், உள்ளே ஏர் முனைகூட நுழையக்கூடாது என்றார்.

நிழல் இருக்கிற பக்கம் தள்ளி நடச் சொன்னாள். முடியாது என்றார். இரண்டு முழமாவது தள்ளலாமே என்றாள். அவர் குரல் இறுகியது.

"உனக்கு இன்னா சந்தேகம்? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"மலைச்சனம் எங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க? நெழலுக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, கெங்கம்மாள் அவர் கீறிய கோட்டுக்குள்ளேயே கூடையைக் கவிழ்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் மேடை எழும்பியது. கல்லுக்கு மாலை போட்டு, சிப்பாய்களின் தியாகத்தைப் பற்றிக் கண் கலங்கப் பேசிவிட்டு, செல்வநாதன் மட்டக்குதிரையில் ஏறினார்.

கூடவே கல் சுமந்த செல்லியம்மாள், மாதையனின் தங்கை, காறித் துப்பினாள்.

"வூட்டாண்ட நடாம எங்கண்ணன் கல்ல கரிக்காட்டுல நட்டுட்டுப் போறான். நீயும் தலைய ஆட்டினு நிக்கிற. இன்னா குடுத்தான் அண்ணி உனக்கு?"

குதிரை வளைவில் இறங்கி மறையும்வரை கெங்கம்மாள் பார்த்திருந்தாள். பிறகு கடப்பாரையை எடுத்து, அன்றைக்குக் கட்டிய மேடையின் முதல் கல்லுக்கு அடியில் சொருகினாள்.

"உங்கண்ணன் கப்பலே ஏறல, செல்லி. இந்தக் கேம்புலயே கரி சுட வெச்சி அடிச்சிக் கொன்னுட்டாங்கன்னு இங்கிருந்து தப்பிச்சி வந்த ரங்கன் சொன்னான். எங்க பொதச்சாங்கன்னுதான் அவனுக்குத் தெரியல. ஏர் ஓட்டுவோம்னதும் பயந்து, அத இந்தாளே இன்னிக்கிக் கோடு போட்டுக் காட்டிட்டுப் போய்ட்டான். புடி, கல்ல நெம்பு. பொண்டாட்டி கையால போட வேண்டிய ஒரு புடி மண்ணு, நான் உங்கண்ணனுக்கு இன்னும் பாக்கி."