சீரியலில் வந்த விமானம்

பழைய சீரியல் ஒன்றில் கதாநாயகனுக்குப் பின்னால் இரட்டை இறக்கை விமானம் தெரிந்ததும், வத்சலா மகனிடம், “நிறுத்துடா! இதுலதான் நான் பறந்தேன்” என்றாள். கல்யாணத்துக்கு முன் விமானம் ஓட்டியதாக அவள் சொன்னதை வீட்டில் யாரும் நம்பியதில்லை.

முகுந்தன் சிரித்தான். “எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்.”

அவள் விடவில்லை. சீரியலின் கேமராமேனைத் தேடிப் பிடித்து, படப்பிடிப்பு நடந்த இடத்தை விசாரித்து, மகனையும் இழுத்துக்கொண்டு போனாள். மூடிக்கிடந்த ஃபிளையிங் கிளப்பின் கொட்டகையில், துணி கிழிந்த இறக்கைகளோடு அது நின்றது.

“எந்த விமானம்னு தெரியாதும்மா. ஷூட்டிங்குக்காக நம்பர் மேல பெயிண்ட் அடிச்சுட்டாங்க” என்றார் காவலாளி.

வத்சலா நம்பரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். முகுந்தன் வால் பக்கம் சாவியால் சுரண்டினான். அவள் சொன்ன எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ் இறக்கையில் ஏறியிருந்தாள்.

“முன் சீட்ல உக்காருங்கம்மா, போட்டோ நல்லா விழும்” என்றார் காவலாளி.

“தனியா ஓட்டுறவங்க பின்னாலதான் உக்காரணும்.”

உட்கார்ந்ததும் குனிந்து பார்க்காமலே அவளுடைய இடது கை எஞ்சின் வேகத்தைக் கூட்டும் நெம்புகோலைப் பிடித்தது. போட்டோ எடுக்க முன்னால் வந்த மகனிடம், “அங்க நிக்காத, தள்ளிப் போ” என்றாள்.

எஞ்சினே இல்லாத அந்த விமானத்தின் முன்னாலிருந்து முகுந்தன் அவசரமாக விலகினான்.