அறுத்தெடுத்த உத்தரம்

கடலோரத்துப் பழைய கூரைவீட்டு வாசலில் உத்தரம் தாழ்வாக இருந்தது. பீரோவை நுழைப்பதற்காகக் கணவன் அதை அறுத்தான். மனைவி அதை அடுப்பெரித்தே தீர்த்துவிட்டாள். மரபுச் சின்னமாக அறிவித்த வீட்டின் பழமையில் கைவைத்தால் அது பறிபோகும் என்பது சட்டம்.

சோதிக்க வந்த மரபுக் காப்பு அதிகாரி யாருக்கும் தலைகுனியாதவர். தொப்பியும் மிடுக்குமாக வெற்று வாசலுக்குள் நுழைந்தார். மடார் என்று சத்தம் கேட்டது.

“குனிஞ்சு வாங்கன்னு சொல்ல வேணாமாம்மா?” என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“எங்களுக்குப் பழகிப்போச்சு சார்,” என்றாள் மனைவி.

“உத்தரம் அப்படியேதான் இருக்கு!” நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது நன்றாகவே குனிந்து போனார்.

தொப்பி மட்டும் வாசலின் நடுவே அந்தரத்தில் தொங்கியது.

“உன்னை அடுப்புல வெச்சவளையும் கைவிடலையேப்பா,” என்று கண்கலங்கியவள், குனிந்து உள்ளே போனாள்.