நம்பும்படியா இல்லை

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் விநியோகஸ்தர் இயக்குநர் பக்கம் திரும்பினார். படத்தை விற்க அவள் ஏறி இறங்கிய படிகளில் இதுதான் கடைசி.

"நல்லாத்தான் எடுத்திருக்கேம்மா. அந்தத் தயாரிப்பாளர் சீனை மட்டும் தூக்கிடு. நானே வாங்கிக்கறேன்."

"ஏன் சார்?"

"நம்பும்படியா இல்லையே! ஒரு பொண்ணு கஷ்டப்பட்டுப் படம் எடுத்துட்டு வந்து நிக்கிறா. 'புருஷன் எடுத்த படத்துக்கு உன் பேரைப் போட்டுக்கிட்டியா? போய்க் கரண்டியைப் பிடி'ங்கறான். எந்த மனுஷனாவது வாய் கூசாம இப்படிப் பேசுவானா?"

அவளுக்குக் காது மடல் சூடானது.

"அது கற்பனை இல்ல சார். என் முதல் படத்தோட போனப்ப ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொன்னது."

"யாரும்மா அந்த ஆளு? பேரைச் சொல்லு, சும்மா விடக் கூடாது!"

"நீங்கதான் சார்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே ஞாபகம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் அவளைத் தூங்கவிடாத வார்த்தைகள்! அவர் சொன்னதைவிட மறந்ததுதான் அவளை அதிகம் சுட்டது.

"இப்ப என்னம்மா, சீனைத் தூக்குவியா மாட்டியா?"

"படத்தையே தூக்கிட்டுப் போறேன் சார்" என்று எழுந்தாள்.